கணீர்க் குரலுக்காகத் தொண்டையை அமுக்காதீர்கள்

குரல் சிகிச்சைக்கு வருகிறவர்களில் இப்போது ஒரு புது ரகம். டப்பிங் பேச ஆசைப்படுகிறவர்கள், ஆன்லைனில் கதை சொல்கிறவர்கள், நிகழ்ச்சி தொகுத்து வழங்குகிறவர்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கணீர்னு பேசப் பழகினேன் மேடம், இப்போ குரலே எழும்ப மாட்டேங்குது."

கடைசியாக வந்த இளைஞர் மாதக்கணக்கில் அடித்தொண்டையை அமுக்கிப் பேசியிருக்கிறார். தொண்டையில் அதிர்ந்து குரலை எழுப்பும் இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிரே தடிப்பு. ஈஎன்டி டாக்டர் கேமரா விட்டு எடுத்த படத்தைக் காட்டினேன். நாண்கள் மூடும்போது அந்தத் தடிப்புகள் முதலில் முட்டிக்கொள்கின்றன. முன்னும் பின்னும் இடைவெளி விழுந்து காற்று கசிகிறது. அதைப் பார்த்த பிறகும் கேட்கிறார்: "இன்னும் கொஞ்சம் ஆழமா பேசினா சரியாகிடுமா?"

ஆகாது. ஆழம் வேறு, கணீர் வேறு. எத்தனை பேரிடம்தான் இதைச் சொல்வது! சுருதியைத் தீர்மானிப்பது குரல்நாண்களின் நீளம், பருமன், விறைப்பு. சாதாரணமாகப் பேசும்போது ஆண்களுக்கு அவை விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை அதிர்கின்றன. பெண்களுக்கு 200 தடவையை ஒட்டி. அது உங்கள் உடம்பின் அளவு, அதோடு மல்லுக்கட்டாதீர்கள். குரலின் செழுமை நாண்களுக்கு மேலே, தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயில் உருவாகிறது. வீணையில் தந்தி அதிர்ந்தாலும் நாதத்தைப் பெருக்கித் தருவது குடம் அல்லவா? அடித்தொண்டையை அமுக்கும்போது நீங்கள் அந்தக் குடத்தையே நசுக்குகிறீர்கள்.

பயிற்சி பெற்ற ஓபரா பாடகர்களின் குரலில் 3000 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 3000 அதிர்வு) ஒட்டிய பகுதி வலுப்பெறுவதை ஸ்வீடன் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் விளக்கினார். நம் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியும் ஏறக்குறைய அதுதான். மைக் இல்லாமலே அவர்கள் குரல் வாத்தியக் கூட்டத்தைத் தாண்டி வருவது அதனால்தான். செழுமை என்றாலே கட்டைக் குரல் என்று நினைக்கிறீர்களே, மேல் சுருதியில் பேசும் பெண்ணுக்கும் குரல் கணீரென்று ஒலிக்கும். கட்டைக் குரல் ஆணுக்கு அது மொத்தையாக அமுங்கியும் போகலாம்.

"ரெக்கார்டிங்ல என் குரல் மெலிசா இருக்கு" என்பது அடுத்த புலம்பல். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது, அதனால் கனமாகத் தெரிகிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்டு வருவது ரெக்கார்டிங்கில் உள்ளதைப் போன்ற குரலைத்தான். அப்புறம், ஒலிபரப்பில் கேட்கும் அந்தக் கனத்த குரலில் மைக்கின் பங்கும் உண்டு. பல மைக்குகள் வாய்க்கு அருகில் வந்தாலே குரலில் உள்ள கனத்த அடி ஒலிகளைக் கூட்டிக் காட்டும். மைக் செய்யும் வேலையைத் தொண்டையிடம் வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? உதடுகளை லேசாக மூடி, 'ம்ம்ம்' என்று ஹம்மிங் செய்யுங்கள். உதட்டிலும் மூக்குத்தண்டிலும் குறுகுறுப்பு தெரிய வேண்டும், தொண்டையில் இறுக்கமே தெரியக் கூடாது. அந்த உணர்வு விட்டுப்போகாமல் 'மா', 'மணி', 'மழை' என்று நகருங்கள். எரிச்சலோ வலியோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சும்மா சும்மா செருமாதீர்கள். குரல் கம்மியிருக்கும்போது அழுத்திக் கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது. தண்ணீர் குடியுங்கள், ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாண்களை நேரே தொடுவதில்லை. அது உணவுக்குழாயில் போகிறது. கத்தும்போது சட்டென்று குரல் போனால் நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். பேச்சை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள்.

கரகரப்பு 4 வாரத்தைத் தாண்டினால் கட்டாயம் கேமரா பரிசோதனை வேண்டும். புகைப்பழக்கம், கழுத்தில் கட்டி, மூச்சுத் திணறல் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

இப்படி அமுக்கிப் பேசி வரும் தடிப்புகள் பெரும்பாலும் கத்தி படாமல், பயிற்சியிலேயே குறையக்கூடியவை. தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள். வரும்போது நீங்கள் பேசிப் பழகிய ரெக்கார்டிங்கையும் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் அமுக்குகிறீர்கள் என்பது அதைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.