மாதம் ஆயிரம் ரூபாய்: யாருக்கு உண்டு, எங்கே நின்றுபோகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் கடலூர்ப் பக்கத்துப் பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இந்த மார்க்குக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?” என்பதுதான். மாநில அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் மாதம் 1,000 ரூபாய்க்கு மார்க்கும் கணக்கில்லை, குடும்ப வருமானமும் கணக்கில்லை. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்பது மட்டுமே கணக்கு. இதைச் சரியாகச் சொல்ல ஆளில்லாததால், தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமலே படிப்பை முடித்துவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு.

மாணவிகளுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, மாணவர்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, ஐ.டி.ஐ., டிப்ளமோ அல்லது முதல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு உரியது. முதுகலைக்கும் தொலைதூரக் கல்விக்கும் கிடையாது.

‘6 முதல் 12 வரை’ என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நடுவில் ஒரு வருடம் மெட்ரிக் பள்ளியில் படித்திருந்தாலும் சிக்கல். ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியை விட்டு அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குப் பொதுவாகக் கிடையாது. கல்வி உரிமைச் சட்ட இடஒதுக்கீட்டில் 6 முதல் 8 வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண்ணில் விலக்கு உண்டு. நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எல்லையோரக் குடும்பங்களில் பிள்ளையைப் பாகூர்ப் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளியில் சேர்ப்பது சாதாரணம். அதுவும் அரசுப் பள்ளிதானே என்று நினைப்பார்கள். இந்தத் திட்டத்துக்கு அது செல்லாது. ரேஷன் கார்டு கடலூரில் இருப்பதால் எதுவும் மாறாது.

அரசு உதவி பெறும் பள்ளிக்காரர்கள் இதைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் புதுமைப் பெண் அவர்களுக்கு இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கினார்கள். தமிழ்ப் புதல்வனில் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனாலும் “எய்டட் ஸ்கூலுக்குக் கிடையாதும்மா” என்ற பழைய பதில் இன்னும் சில கவுன்டர்களில் வருகிறது. அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் படித்திருந்தால்தான் கிடையாது.

வருமானச் சான்றிதழ் வாங்கி வா என்று யாராவது சொன்னால், எந்தத் திட்டத்துக்கு என்று கேளுங்கள். இந்த ஆயிரத்துக்கு அது தேவையில்லை. பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைக்குத்தான் தேவை. அங்கே வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். இரண்டையும் குழப்பிக்கொண்டு இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று கூலி வேலையை விட்டுவிட்டு அலைகிறவர்களைப் பார்த்தால் மனது பொறுக்கவில்லை. அவர்கள் இழக்கும் ஒரு நாள் கூலியை எந்த அலுவலகமும் திருப்பித் தரப்போவதில்லை.

விண்ணப்பத்தைப் பதிவேற்றுவது கல்லூரியின் பொறுப்பு. ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு நோடல் அலுவலர் இருப்பார். எமிஸ் எண்ணில் (பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) தகவல் தப்பு என்று கல்லூரி பள்ளிக்கு அனுப்பும், பள்ளி கல்லூரிக்கே திருப்பி அனுப்பும். என்ன தப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். பெரும்பாலும் ஆதாரில் ஒரு இனிஷியல், டி.சி.யில் வேறு இனிஷியல் என்றுதான் இருக்கும். சேர்க்கைக்கு முன்பே இதைத் திருத்திவிடுவது நல்லது.

அப்புறம் வங்கி. “ஆதார் லிங்க் ஆகியிருக்கு” என்று வங்கியில் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. அடையாளத்துக்காக ஆதார் எண்ணைப் பதிந்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கை ஆதாருடன் இணைப்பது வேறு. இரண்டாவது நடந்ததா என்று கேட்க வேண்டும். ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். கல்லூரிக்காகப் புதுக் கணக்கு தொடங்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பணமோ பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய பழைய கணக்கில் விழுந்துகொண்டிருக்கும்.

சரி, மார்க்குக்கென்றே ஒரு உதவித்தொகை கிடையாதா? மத்திய அரசின் ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் போர்டில், உங்கள் பிரிவில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். டிப்ளமோவுக்குக் கிடையாது. அடுத்த வருடமும் தொடர 50 சதவீத மார்க், 75 சதவீத வருகை வேண்டும்.

இங்கே ஒரு விதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப் பெண் தொகையை வாங்கலாம் என்கிறது மாநில விதி. வேறு உதவித்தொகை, மாநில அரசுடையது உட்பட, எதையும் வாங்கக் கூடாது என்கிறது மத்திய விதி. ஒன்றை மட்டும் படித்துவிட்டு இரண்டுக்கும் விண்ணப்பித்தால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளைதான். மாதம் ஆயிரம் என்றால் அதுவும் ஆண்டுக்கு 12,000தான். எதை எடுப்பது என்று விண்ணப்பிக்கும் முன்பே நோடல் அலுவலரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கல்லூரி இழுத்தடித்தால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். எமிஸ் எண், கல்லூரி, விண்ணப்பித்த தேதி மூன்றும் மனுவில் இருக்கட்டும். ரசீது கையில் வராமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.