ரஷ்யர்களுக்கு ஆங்கிலத்தில் 'பார்ப்பது' எங்கே சிக்குகிறது?

ரஷ்ய மொழி பேசுபவருக்கு ஆங்கிலத்தின் 'லுக்', 'சீ' இரண்டும் புதிரல்ல. 'ஸ்மத்ரேத்' என்றால் கண்ணைத் திருப்பிப் பார்ப்பது. 'விதெத்' என்றால் கண்ணில் படுவது. முதலாவதைச் செய்யச் சொல்லி ஏவலாம். இரண்டாவதற்கு வழக்கில் ஏவல் வடிவமே கிடையாது. நம்முடைய 'பார்', 'தெரி' ஜோடியும் ஏறக்குறைய இப்படித்தான்.

மூன்றாவதாக 'வாட்ச்' நுழையும்போதுதான் கணக்கு உதைக்கிறது. டிவி, சினிமா, கால்பந்து எல்லாவற்றுக்கும் ரஷ்யருக்கு 'ஸ்மத்ரேத்' ஒன்றே போதும். எனவே 'லுக் டிவி' என்று வாயில் வந்துவிடும். நேரம் போகப்போக மாறுவதைத் தொடர்ந்து கவனித்தால் 'வாட்ச்'. அசையாமல் இருப்பதற்கு 'லுக் அட்'. ரஷ்ய வாக்கியத்தில் 'நா' என்ற முன்னிடைச்சொல் வந்தால் பெரும்பாலும் 'லுக் அட்'தான். ஆனால் புகைப்படங்களைப் பார்க்கும்போது ரஷ்யர் 'நா' இல்லாமலும் சொல்வார், ஆங்கிலத்திலோ அங்கும் 'லுக் அட்' வேண்டும். அந்த 'நா'வை அப்படியே பெயர்த்து 'லுக் ஆன்' என்பது இன்னொரு வழக்கமான பிழை.

'யா விஜு' (எனக்குத் தெரிகிறது) என்பதை 'ஐ ஆம் சீயிங்' ஆக்கக் கூடாது. இயல்பான ஆங்கிலம் 'ஐ கேன் சீ'. 'ஐ ஆம் சீயிங் அன்னா' என்றால் அன்னாவோடு காதல் என்று அர்த்தமாகிவிடும்!

பார்க்கும் விதத்தைச் சொல்வதில்தான் இரு மொழிகளும் அடியோடு வேறுபடுகின்றன. ரஷ்யம் ஒரே வேரின் முன்னால் ஒட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு வேலையை முடித்துக்கொள்கிறது: 'வ்ஸ்மாத்ரிவத்ஸா' என்றால் உற்று நோக்குவது, 'பத்ஸ்மத்ரேத்' என்றால் ஒளிந்து பார்ப்பது, 'ஸஸ்மத்ரேத்ஸா' என்றால் மெய்மறந்து பார்த்து நிற்பது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வேரே வேறு: 'பியர்', 'பீக்', 'கேஸ்'. ஒட்டைப் பெயர்க்க வழியில்லை. சொல்லை முழுசாகக் கற்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் சிரமப்பட்டுப் பார்த்தால் 'பியர்', கண்ணெடுக்காமல் வெறித்தால் 'ஸ்டேர்', கோபத்தில் முறைத்தால் 'க்ளேர்'.

அதிகம் குழப்புவது 'க்ளான்ஸ்', 'க்ளிம்ப்ஸ்' ஜோடி. ரஷ்யர் இரண்டையும் 'மெல்கம்' என்ற ஒரே வினையடையால் விளக்கிக்கொள்வார். அதற்குப் பின்னால் வரும் வினை 'ஸ்மத்ரேத்' வகையா, 'விதெத்' வகையா என்று பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். வேண்டுமென்றே ஒரு நொடி கண்ணை ஓட்டுவது 'க்ளான்ஸ்'. அதற்கு 'அட்' தேவை. தற்செயலாக ஒரு நொடி கண்ணில் பட்டு மறைவது 'க்ளிம்ப்ஸ்'. அதற்கு 'அட்' ஆகாது. கடிகாரத்தை 'க்ளான்ஸ் அட்' செய்யலாம். புதருக்குள் ஓடிய நரியை 'க்ளிம்ப்ஸ்' மட்டுமே செய்ய முடியும்.

ரஷ்யருக்குக் கைகொடுக்கும் இடமும் ஒன்று உண்டு; பாடங்களில் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் தரலாம். ஒருவர் தெருவைக் கடந்து முடித்ததை முழுசாகப் பார்த்தால் 'ஐ சா ஹிம் கிராஸ்'; கடந்துகொண்டிருக்கும்போது பார்த்தால் 'ஐ சா ஹிம் கிராஸிங்'. ரஷ்ய வினைகளில் முற்றுக்கும் தொடர்ச்சிக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு: 'பெரிஷோல்' என்று மனதில் வந்தால் 'கிராஸ்', 'பெரிஹதீல்' என்று வந்தால் 'கிராஸிங்'. ரஷ்ய வாக்கியத்தில் நடுவே வரும் 'காக்'கை மட்டும் விட்டுவிட வேண்டும். அதை 'ஹவ்' என்று பெயர்த்து 'ஐ சா ஹவ் ஹி கிராஸ்ட்' என்றால், அவர் நொண்டிக்கொண்டு கடந்தாரா, ஓடிக் கடந்தாரா என்பதைப் பற்றிய பேச்சாகிவிடும்.