ஒளிந்து போகிறவனுக்கு எத்தனை பகடை?

டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகி, பகடை உருட்டிக் கதை நகர்த்தும் ஆட்டம்) ஆடுகிற எந்தக் கூட்டத்திலும் இந்தப் புலம்பல் உண்டு: பதுங்கிப் போகிற கேரக்டர் ஒன்று எப்போதும் மாட்டிக்கொள்கிறது, இல்லையென்றால் எவன் கண்ணிலும் படாமல் மொத்தக் கதையையும் தனியாளாக முடித்துவிடுகிறது. உடனே எல்லோரும் கை வைப்பது போனஸில்தான் (பகடையில் விழுவதோடு கூட்டும் எண்), இரண்டு கூட்டு, மூன்று குறை என்று. கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. எத்தனை தடவை உருட்டச் சொல்கிறோம், தவறினால் என்ன ஆகிறது, இந்த இரண்டில்தான் இருக்கிறது.

குன்னூரில் நாங்கள் ஆடும் கதையையே எடுத்துக்கொள்வோம். மழைக்காலம், பூட்டிக் கிடக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரி, உள்ளே ஒரு பெட்டி, வாசலில் காவலாளி. விதிகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு. முதல் லெவல் ரோக் (திருட்டு வேலையில் தேர்ந்த கேரக்டர்), டெக்ஸ்டெரிட்டி எனும் சுறுசுறுப்பு 16, ஸ்டெல்த் எனும் பதுங்கலில் எக்ஸ்பர்டீஸ் (இரட்டிப்புத் தேர்ச்சி), ஆக மொத்தம் போனஸ் +7. சாதாரணக் காவலாளியின் பாஸிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே அவருக்கு இருக்கும் கவனத்தின் அளவு) 12. இருபது முகப் பகடையில் 5 விழுந்தாலே போதும் (5ஐயும் 7ஐயும் கூட்டினால் 12), அதாவது 80 சதவீத வாய்ப்பு. சரி, நல்ல எண்தான். ஆனால் டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) கேட்டுக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று, படிக்கு, கதவுக்கு, பெட்டிக்கு என்று ஐந்து தடவை உருட்டச் சொன்னால் 0.8ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், மிஞ்சுவது 33 சதவீதம். போனஸில் யாரும் கை வைக்கவில்லை, ஆனாலும் மூன்றுக்கு இரண்டு தடவை ஆள் பிடிபடுகிறான்.

இது பழைய வியாதி. 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் முதல் லெவல் திருடனுக்குச் சத்தமில்லாமல் நடக்க 15 சதவீதம், நிழலில் ஒளிய 10 சதவீதம். இரண்டும் வேண்டும் என்று டிஎம் பிடிவாதம் பிடித்தால் 1.5 சதவீதம். அதற்குப் பேசாமல் கேட்டைத் தட்டி ஒரு டீ கேட்கலாம்.

கூட்டமாகப் போனாலும் இதே பெருக்கல்தான். நாலு பேர், ஆளுக்கு 60 சதவீதம், ஒருவர் தவறினாலும் எல்லோரும் காலி என்றால் தப்பிப்பது 13 சதவீதம். பாதிப் பேர் ஜெயித்தால் குழுவே ஜெயித்ததாக வைக்கும் குரூப் செக் விதியில் அதே நாலு பேருக்கு 82. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: ஆறு காவலாளிகள் ஆளுக்கொரு பகடை உருட்டினால் அதில் பெரியது சராசரியாக 17.6 வரும், ரோக் தாண்ட வேண்டியது அதைத்தான். பாஸிவ் என்று ஒரு நிலையான எண்ணை வைத்ததே இந்த அநியாயத்தைத் தவிர்க்கத்தான் உதவுகிறது.

மறுகோடி 11ஆம் லெவலில். ரோக்குக்கு ரிலையபிள் டேலன்ட் என்ற திறமை வந்ததும் 9 அல்லது அதற்குக் கீழே எது விழுந்தாலும் 10தான். டெக்ஸ்டெரிட்டி 20 உள்ள ரோக்குக்கு +13, ஆகவே குறைந்தபட்சம் 23. கூட்டத்தில் ஒரு டிரூயிட் (இயற்கை மந்திரவாதி) இருந்து, தடம் தெரியாமல் போக உதவும் பாஸ் விதவுட் ட்ரேஸ் மந்திரம் போட்டால் இன்னும் 10, மொத்தம் 33. ஏன்ஷியன்ட் ரெட் டிராகன் என்ற பழம்பெரும் டிராகனுக்கே பாஸிவ் 26தான்! ஆனால் அதற்கு 60 அடிக்குள் பிளைண்ட்சைட் உண்டு, கண் இல்லாமலே தெரியும். எனக்குப் பிடித்த தீர்வு இந்த வகைதான்: ரோக்கின் எண்ணை வெட்டாதீர்கள், எதிராளியின் புலனை மாற்றுங்கள்.

எங்கள் ஊரில் அதற்கு மூடுபனி போதும். விட்டுவிட்டு வரும் பனியில் பார்வைக்கு டிஸ்அட்வான்டேஜ் (பாதகம்), பாஸிவில் 5 குறையும், காவலாளி 12லிருந்து 7க்கு இறங்குகிறார். நம் +7 ரோக் கண்ணுக்குச் சிக்கவே மாட்டான். ஆனால் காவலாளியின் நாய்க்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. விதிப்புத்தகத்து மாஸ்டிஃப் என்ற காவல் நாய்க்குப் பாஸிவ் 13, மோப்பத்துக்கும் காதுக்கும் அட்வான்டேஜ் (சாதகம்), 5 கூடும், ஆக 18. ரோக்குக்கு 11 விழ வேண்டும், சரிபாதி வாய்ப்பு. ஒரே இரவு, ஒரே ஆள், ஆனால் இப்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஆடுகிறவனே கேட்க ஆரம்பிக்கிறான்.

அப்புறம், தவறினால் என்ன? முதுமலையில் சிறுத்தை வாசம் பட்ட கடமான் எடுத்த எடுப்பில் ஓடிவிடாது. நின்று பார்க்கும், முன்காலைத் தரையில் தட்டும், வாலைத் தூக்கும், பிறகுதான் கத்தும். காவலையும் இப்படிப் படிப்படியாக வையுங்கள்: சந்தேகம், தேடல், கூச்சல். மூன்றாவது தவறில்தான் பிடிபடும் கணக்கில், அந்த 80 சதவீதக்காரன் ஐந்து உருட்டலில் மூன்று தடவை தவறுவது வெறும் 6 சதவீதம்தான். ஐந்து உருட்டலும் அப்படியே இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் பதற்றம் ஏறும், ஆனால் ஒன்றில் சறுக்கியதும் ஆட்டம் முடிந்துவிடாது.

ரோக் உள்ளே நகரும்போது மற்ற மூவரும் போனை நோண்டுவதுதான் எந்தக் கணக்கிலும் வராத சிக்கல். அவர்களுக்கும் வேலை கொடுத்துவிட வேண்டும். எங்கள் ஆட்டத்தில் இரும்புக் கவசக்காரன் கேட்டில் நின்று கோத்தகிரி பஸ் எத்தனை மணிக்கு என்று காவலாளியிடம் வாய் கொடுக்கிறான். அந்தப் பேச்சு நீளும்வரை அவருக்குப் பாஸிவில் 5 குறைவு, நாய்க்கு ஒன்றும் குறையாது.