கடல்நீரில் ஈயத்தை எண்ணும் மின்முனை

பினாங்கில் சார் குவே தியாவ் என்னும் வறுத்த நூடுல்ஸ் கேட்பவர்களில் பலருக்கு அதில் கெராங் என்னும் சிப்பி இல்லாவிட்டால் மனம் நிறைவதில்லை. தீவுக்கு எதிரே, ஜூரு ஆற்றுமுகத்துச் சேற்றில் மீனவர்கள் வளர்த்துவந்த இந்தச் சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிரினம் என்பதால், நீரிலும் சேற்றிலும் உள்ள ஈயமும் காட்மியமும் அதன் சதையில் சிறுகச் சிறுகச் சேர்ந்துவிடும். அந்த ஆற்றுப்படுகையில்தான் பிறை தொழிற்பேட்டையும் இருக்கிறது. ஆகவே, இந்தக் கடல்நீரில் எவ்வளவு உலோகம் கரைந்திருக்கிறது என்ற கேள்வி சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வருகிறது.

அளவிட வேண்டிய தொகை எவ்வளவு சிறியது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் ஈயம் கொண்ட கடல்நீரை 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள நீச்சல்குளத்தில் நிரப்பினால், குளம் முழுவதிலும் இருக்கும் ஈயம் 2.5 கிராம்தான். லிட்டருக்கு 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதே குளத்தில் உப்பு 75 டன் இருக்கும். பெரிய ஆய்வகங்களில் உலோகங்களை நிறை பார்த்துப் பிரித்தறியும் பிளாஸ்மா கருவிகளை இந்த உப்புதான் திணறடிக்கிறது. கருவியின் நுண்துளைகளில் உப்பு படிந்து அடைத்துக்கொள்வது ஒருபுறம் இருக்க, பிளாஸ்மாவிலுள்ள 40 நிறைகொண்ட ஆர்கானும் உப்பிலுள்ள 35 நிறைகொண்ட குளோரினும் ஒட்டிக்கொண்டு 75 என்ற நிறையில் ஒரு போலித் துகளை உண்டாக்குகின்றன. ஆர்செனிக்கின் நிறையும் அதே 75 என்பதால் கருவி ஏமாந்துபோகிறது. நீரில் இறக்கிய மின்முனையில் பாயும் மின்னோட்டத்தைக்கொண்டு உலோகத்தை அளக்கும் மின்வேதி உணரிக்கோ உப்பு துணையாக நிற்கிறது. கரைசலில் மின்சாரம் தடையின்றிப் பாய உப்பு வேண்டும். தூய நீரை அளப்பவர் அதைக் கையால் சேர்க்க வேண்டியிருக்க, கடல் தானே போட்டுக்கொண்டு வருகிறது.

ஆனாலும் இத்தனை குறைந்த ஈயத்தை நேரடியாக அளந்தால் கிடைக்கும் மின்னோட்டம் இரைச்சலில் மூழ்கிவிடும். எனவே இந்த உணரி முதலில் சேர்த்துவைத்து, பிறகு அளக்கிறது. நீரில் இறக்கிய மின்முனைக்கு, வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ −1.2 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, நீரைக் கலக்கிக்கொண்டே சில நிமிடங்கள் விடுகிறார்கள். அருகில் வரும் ஒவ்வொரு ஈய அயனியும் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று உலோகமாக மாறி மின்முனையில் படிகிறது. உணரி எவ்வளவு குறைந்த அளவைக் காட்டும் என்பதைக் கருவியின் விலையைவிட இந்தக் காத்திருப்பே அதிகம் தீர்மானிக்கிறது என்று சொல்வேன். பிறகு கலக்குவதை நிறுத்தி, அழுத்தத்தைப் படிப்படியாக மேலே ஏற்றுகிறார்கள். சுமார் −1.0 வோல்ட்டில் துத்தநாகமும், −0.65 அருகே காட்மியமும், −0.45 அருகே ஈயமும் எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீருக்குத் திரும்புகின்றன. வரைபடத்தில் ஒவ்வொன்றும் ஒரு கூம்பாக எழும். கூம்பு நிற்கும் இடம் எந்த உலோகம் என்பதையும், அதன் உயரம் எவ்வளவு என்பதையும் சொல்லும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அழுத்தத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் மின்முனையின் மேற்பரப்பே மின்தேக்கிபோல் மின்னேற்றம் கொள்வதால், உலோகத்தோடு தொடர்பில்லாத ஒரு மின்னோட்டமும் பாயும். அது மிக விரைவாகத் தேய்ந்துவிடும். உலோகம் தரும் மின்னோட்டம் சற்று நின்று நிதானமாகத் தேயும். ஆகவே அழுத்தத்தைச் சிறு துடிப்புகளாகக் கொடுத்து, ஒவ்வொரு துடிப்பின் கடைசிக் கணத்தில் மட்டும் அளந்தால், வேண்டாதது பெரும்பாலும் விலகிவிடும்.

இந்தத் துறையின் தொடக்கம், யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-இல் பிராக் நகரில் பாதரசச் சொட்டை மின்முனையாக்கிச் செய்த ஆய்வில் இருக்கிறது. 1959-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பல உலோகங்கள் பாதரசத்தில் கரையும் என்பதால் சேர்த்துவைக்க அதுவே சிறந்த இடமாக இருந்தது. நஞ்சைத் தேட இன்னொரு நஞ்சைக் கடலுக்குக் கொண்டுபோவது யாருக்கும் உவப்பாக இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஜோசப் வாங்கும் அவருடைய குழுவினரும் கார்பன்மீது பூசிய மெல்லிய பிஸ்மத் படலம் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் பாதரசத்தைப்போலவே வேலை செய்வதைக் காட்டினர். பிஸ்மத் வயிற்று மருந்துகளில்கூடச் சேர்க்கப்படும் உலோகம். ஆனால் செம்பின் கூம்பு எழும் அழுத்தத்துக்கு அருகிலேயே பிஸ்மத்தும் கரையத் தொடங்கிவிடுவதால் செம்பை அளப்பது கடினம்; அதற்கும் ஆர்செனிக்குக்கும் பாதரசத்துக்கும் தங்க மின்முனையை நாடுகிறார்கள்.

உணரி காட்டும் எண்ணைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அது நீரிலுள்ள உலோகம் அனைத்தையும் எண்ணுவதில்லை. தனித்தோ தளர்வாகவோ இருந்து மின்முனையில் படியக்கூடியதை மட்டுமே எண்ணுகிறது. கடலின் மேற்பரப்பில் கரைந்துள்ள செம்பில் 99 விழுக்காட்டுக்கும் மேல் கரிமப் பொருள்களோடு இறுகப் பிணைந்திருப்பது வழக்கம். மொத்த அளவு வேண்டுமென்றால் நீரில் அமிலம் சேர்த்து, புறஊதாக் கதிரால் அந்தக் கரிமப் பொருள்களைச் சிதைத்துவிட்டு அளக்க வேண்டும். இதை உணரியின் குறை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நுண்பாசிகளைத் தாக்குவது பெரும்பாலும் கட்டவிழ்ந்த அந்தச் சிறு பகுதிதான். கெராங்கின் கதை வேறு. சேற்றுத் துகளோடு ஒட்டிய உலோகத்தையும் அது விழுங்குவதால், நீரை மட்டும் அளந்து சிப்பியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். படகின் அடியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் சாயத்தில் பெரும்பாலும் செம்பு உண்டு. அமிலத்தில் ஊறவைத்துக் கழுவாத குப்பியே கடலைவிட அதிக ஈயத்தைத் தரக்கூடும். இந்தத் தொல்லைகளிலிருந்து தப்ப உணரியையே கடலுக்குள் இறக்குவது நல்ல வழி. அப்போது சதுப்புநிலக் காட்டிலிருந்து வரும் பழுப்பு நிறக் கரிமப் பொருள்களும் எண்ணெயும் மின்முனையை மூடிவிடாதபடி, அதன்மேல் அகரோஸ் கூழ்ப் படலம் ஒன்றைப் பூசுகிறார்கள். தீபாவளிக்கு நாம் செய்யும் அகர்-அகரிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள்தான் இந்த அகரோஸ். சிறிய அயனிகள் அதனூடே நுழைந்துவிடும். பெரிய மூலக்கூறுகளும் துகள்களும் வெளியே நின்றுவிடும்.

பினாங்குக் கால்வாயில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் மலாக்கா நீரிணையின் நீர் ஆற்றுமுகத்துக்குள் புகுகிறது. வற்றத்தில் ஆறு சுமந்துவரும் நீரே அங்கு மிகுந்திருக்கிறது. ஒரே இடத்தில் காலையில் எடுத்த குப்பியும் பிற்பகலில் எடுத்த குப்பியும் இரண்டு வெவ்வேறு நீரைச் சொல்லக்கூடும். மாதம் ஒருமுறை எடுக்கும் மாதிரிக்கு இந்த வேறுபாடு தெரியாது; மணிக்கு ஒருமுறை அளக்கும் மின்முனைக்குத் தெரியும்.