ஆறரை மணி நேர பிளைட் என்று ஒன்று கிடையாது ஐயா

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கும்பகோணத்தில் இருக்கும் என் டிராவல்ஸுக்குக் கோபமாக வந்தார். "தம்பி, திருச்சியிலேர்ந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம்னு பேரன் நெட்டுல பார்த்துச் சொல்றான். நீங்க ஆறரை மணி நேர பிளைட்டுல போட்டிருக்கீங்களே?" டிக்கெட்டில் புறப்பாடு காலை 9, இறங்குவது பிற்பகல் 3.30. கழித்தால் ஆறரைதான். "திரும்பி வர்றதையும் கழிச்சுப் பாருங்க ஐயா" என்றேன். ஒன்றரை வந்தது. என்னையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

சண்டை போட வந்தவர் பரவாயில்லை. தானே டிக்கெட் போட்ட ஒரு பையன், 9 மணிக்கு ஏறினால் 1 மணிக்கு இறங்கிவிடலாம் என்று அங்கே 3 மணி இன்டர்வியூவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டான். இறங்கியபோது அந்த ஊரில் மூன்றரை. பிறகு எனக்கு போன்!

எத்தனை தடவைதான் சொல்வது? புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரம். இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரம். இரண்டையும் கழிக்காதீர்கள். திருச்சியிலிருந்து கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 3,000 கிலோமீட்டர். இரண்டுக்கும் நாலு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். ஆனால் சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். அதனால் டிக்கெட்டில் ஒன்று ஆறரை மாதிரியும் இன்னொன்று இரண்டரை மாதிரியும் தெரியும். விமானம் ஓடவும் இல்லை, ஊர்ந்து போகவும் இல்லை. (சிங்கப்பூருக்கு இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம் என்று அடித்துப் பேசும் பழைய சபராளிகள், அதாவது அந்தக் காலத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள், உண்டு. அது 1982க்கு முந்தைய கணக்கு. அந்த வருடம் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டது.) பயண நேரம் வேண்டுமா? டிக்கெட்டிலேயே தனியாகப் போட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

அப்புறம், 15ஆம் தேதி 00.40 என்றால் 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நிற்கிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அந்தப் பணத்தை என்னால் வாங்கித் தர முடியாது.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி விமான நிலையம், வானத்தில் சிங்கப்பூர் போகும் நேரத்தில் முக்கால்வாசியை விழுங்கிவிடும். அறுவடை சமயத்தில் ரோட்டில் நெல் காயும், முன்னால் அறுப்பு மெஷின் ஆடி ஆடிப் போகும். முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். வெளிநாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள்.

ஒரு வேண்டுகோள். அங்கே அழைத்துப் போக வரும் பிள்ளைக்கு நீங்கள் கணக்குப் போட்டு நேரம் சொல்லாதீர்கள். டிக்கெட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.