தொட்டிக்குள் பங்காளிச் சண்டை

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர் என் சித்தப்பா. குஞ்சு விடும்போது கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கலந்துதான் விடுவார். சின்ன வயதில் ஒருமுறை, "எல்லாம் கட்லாவாவே விட்டா என்ன சித்தப்பா? அதுதானே சீக்கிரம் பெருசாகுது?" என்று கேட்டேன். "கட்லா மேல மேயும், ரோகு நடுவுல மேயும், மிர்கால் தரையைக் கிளறும். ஒண்ணு சாப்பாட்டுல ஒண்ணு வாய் வைக்காது தம்பி. அத்தனையும் கட்லாவா விட்டா மேல இருக்கிறதுக்கு அடிச்சுக்கும், அடியில கிடக்கிறது வீணாப் போகும்" என்றார்.

பல வருஷம் கழித்து, மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்க ஆரம்பித்தபோது நான் அந்தக் கணக்கைப் போடவில்லை. கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததை வாங்கினேன். நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு டாம்சல். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். "சின்ன மீன் சார், ஒண்ணும் பண்ணாது" என்றார் கடைக்காரர். அது வளர்ந்து 14 சென்டிமீட்டர் வரை போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நாலைந்து மாதத்தில் தொட்டியில் இருந்த எல்லாக் கல்லும் அதனுடையதாகிவிட்டது. அதற்குப் பிறகு விட்ட கோமாளி மீன் மேல் மூலையில், தண்ணீர் மட்டத்துக்கு அடியிலேயே ஒடுங்கி நின்றது. கீழே ஒரு சாண் இறங்கினால் டாம்சல் பாய்ந்து வரும். வால் துடுப்பு கிழிந்த நூல் மாதிரி ஆகி, மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது.

ஏன் இப்படி? குளத்து மீனுக்குச் சாப்பாடுதான் பிரச்சினை. என் தொட்டியில் இருந்தவை போல, கடலுக்கடியில் பவளம் வளர்ந்து உண்டான பவளத்திட்டில் வாழும் மீனுக்கு அதோடு வீடும் பிரச்சினை. நம் பூம்புகார், தரங்கம்பாடிக் கடலில் பவளத்திட்டு கிடையாது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலும் கலங்கல் நீரும் பவளத்துக்கு ஆகாது, அதற்கு வெளிச்சம் ஊடுருவும் தெளிந்த தண்ணீர் வேண்டும். தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அதைப் பார்க்கலாம். அங்கே நூற்றுக்கணக்கான வகை மீன்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. நீரோட்டம் நுண்ணுயிர்களை வாய்க்கே கொண்டுவந்து தருகிறது. எளிதில் கிடைக்காதது பொந்து. இருட்டும்போது நுழைய ஒரு பொந்து இல்லாத சின்ன மீன் பெரிய மீனுக்கு இரை. ஆகவே கிடைத்த பொந்தை உயிரைக் கொடுத்துக் காக்கும்.

யாரிடமிருந்து காக்கிறது என்பதுதான் விஷயம். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கொன்ராட் லோரன்ஸ், பவளத்திட்டு மீன்களைத் தொட்டியில் வைத்தும் கவனித்தார். வேற்றினத்தைவிடத் தன் இனத்தைத்தான் அவை அதிகமாகத் தாக்குகின்றன என்பது அவர் கண்டது. இது எல்லா மீனுக்கும் அப்படியே பொருந்தவில்லை. பாசி மேயும் சில டாம்சல்கள், பாசி தின்ன வரும் எந்த இனத்தையும் விரட்டும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் நியாயம் ஒன்றே: என் பங்கைக் கேட்பவன் யாரோ, அவனோடுதான் சண்டை. நம் ஊரில் வரப்பை வெட்டியதற்கும் மடையை அடைத்ததற்கும் யாரோடு தகராறு வருகிறது? முன்பின் தெரியாத அசலூர்க்காரரோடு அல்ல. பங்காளியோடு.

மீனுக்கு இந்தப் பங்காளி உறவு ரத்தத்தில் இல்லை, தோற்றத்தில் இருக்கிறது. ராயல் கிராமா கரீபியக் கடல் மீன்: முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். ராயல் டாட்டிபேக் மேற்குப் பசிபிக் மீன்: அதே ஊதா, அதே மஞ்சள், அதே அளவு, அதே மாதிரி பொந்து வாசம். இரண்டும் வெவ்வேறு குடும்பம், கடலில் ஒன்றையொன்று பார்க்கவே வழியில்லை. ஒரே சின்னத் தொட்டியில் விட்டால் ஒன்று மற்றதைத் துரத்தித் துரத்தியே ஒழித்துவிடும்.

அதனால் நான் இப்போது மீன் வாங்கும்போது அழகை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். இது எங்கே மேயும், எங்கே தூங்கும், ஏற்கெனவே உள்ள எதைப் போல இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுகிறேன். டாம்சலைத் திருப்பிக் கொடுத்தபின் நான் தேர்ந்தெடுத்தவற்றில் ஒன்று, ஒரு ஜோடிக் கோமாளி. ஒரே இனத்தில் இரண்டா என்று கேட்கலாம். இங்கே வேறொரு ஏற்பாடு வேலை செய்கிறது. கோமாளிக் குஞ்சுகள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆணாகும். பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். சம அளவில் இரண்டை விட்டால் யார் பெரியவர் என்று தீரும்வரை அடிதடி. ஒன்றைப் பெரிதாகவும் ஒன்றைச் சிறிதாகவும் பார்த்து வாங்கினால் பேச்சுவார்த்தை சீக்கிரம் முடிந்துவிடும். அதைக் கண்ணால் பார்க்கலாம்: பெரியது நெருங்கி வரும்போது சின்னது ஒருக்களித்து, ஜுரம் வந்தவர் போல உடம்பு முழுக்க நடுங்கிக் காட்டும். 'நீயே பெரியவள்' என்பதற்கு அதன் மொழி அது. மூன்றாவது கோமாளியோ வேறு வகைக் கோமாளியோ சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

கோமாளி நடுவிலும் மேலுமாக நீந்தும். அடித்தளம் காலி. அங்கே மஞ்சள் கோபி ஒன்றையும், அதன் கூட்டாளியான சொடுக்கு இறாலையும் விட்டேன். தொட்டியிலேயே எனக்குப் பிடித்தது இந்தக் குடித்தனம்தான். இறாலுக்குப் பார்வை மந்தம், ஆனால் நாள் முழுக்க மண் தோண்டும். கோபிக்குத் தோண்டத் தெரியாது, கண் கூர்மை. இறால் ஒரு குவியல் மணலைப் புல்டோசர் மாதிரி தள்ளிக்கொண்டு வளை வாசலுக்கு வரும்போது, அதன் மீசைகளில் ஒன்று கோபியின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். நான் கையை அசைத்தால் கோபி வாலை லேசாக உதறும். அடுத்த நொடி இறால் உள்ளே. ராத்திரியில் சில சமயம் கண்ணாடியில் யாரோ சுண்டியதுபோல் 'டக்' என்று கேட்கும். இறால் கொடுக்கை மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற சத்தம் அது. கொடுக்குகள் மோதுவதால் வருவதல்ல, குமிழி உடைவதால் வருவது என்று 2000-இல்தான் அதிவேகக் கேமரா வைத்து உறுதி செய்தார்கள்.

மூன்றாவது இடம் கல்லின் அடிப்பொந்து. அதற்கு ராயல் கிராமா ஒன்றே ஒன்று.

சண்டை போடாத மீனும் பொருந்தாமல் போகலாம். நீல டேங் என்ற மீன் 30 சென்டிமீட்டர் வளரும். பட்டாம்பூச்சி மீன்களில் பல பவளத்தையே கொத்தித் தின்னும். மாண்டரின் மீன் நாளெல்லாம் இறாலுக்கு உறவான நுண்ணிய உயிர்களைப் பொறுக்கித் தின்பது, சின்னத் தொட்டியில் அவை தீர்ந்ததும் மெல்லப் பட்டினியில் சாகும். அதை அழகுக்காக விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பவளம் விஷயத்தில் இன்னொன்று: நம் கடலின் கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். 'ராமேஸ்வரத்துக் கல்' என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள், செயற்கைக் கல்லே போதும். மீனும் கடலில் பிடித்ததைவிட வளர்த்ததே மேல். கோமாளி மீனுக்குக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைக் கொள்ளிடத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

விடும் வரிசையும் முக்கியம். முதலில் வந்தது தன்னை வீட்டுக்காரராக நினைக்கும். எனவே சாதுவான கோபி முதலில், கோமாளி அப்புறம், பொந்துக்காரர் கிராமா கடைசி. பழைய மீன் புதியதை விரட்டினால் கற்களை இடம் மாற்றி அடுக்குங்கள். எல்லை கலைந்துபோய் எல்லாரும் புதுக்குடியாகிவிடுவார்கள். ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய மீனைச் சில நாள் வைத்து, பார்த்துப் பழகவிட்டுத் திறப்பதும் பலன் தரும்.

எத்தனை மீன்? என் தொட்டியில் கல் போக 100 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். உப்புத் தண்ணீரில் கரையும் பிராணவாயு நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சூடு ஏற ஏற இன்னும் குறையும். நம் மே மாதத்தில் கரண்டும் போனால் பம்ப் நின்றுவிடும், அப்போது நாலு சின்ன மீன் மூச்சுவிடலாம், எட்டு முடியாது. அதனால் நாலோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வருபவர்கள் வலதுபக்க மேல் மூலையைக் காட்டி, "அங்க காலியாத்தானே இருக்கு, இன்னும் ஒண்ணு விடலாமே?" என்பார்கள். விளக்கை அணைத்து அரைமணி நேரம் இருந்து பார்க்கச் சொல்வேன். கோமாளி ஜோடி அங்கேதான் வந்து, பக்கத்தில் பக்கமாகச் சாய்ந்து தூங்கும்.