கன்றின் முதல் ஆறு மணி நேரம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பல சிறு மாட்டுப் பண்ணைகளுக்கு மார்ச், ஏப்ரல்தான் கன்று ஈனும் காலம். தரையில் பனி இன்னும் கிடக்கும். ஆங்கஸ், ஹெரிஃபோர்ட் போன்ற இறைச்சி இன மாடுகளை வளர்க்கும் குடும்பங்கள் வீட்டுக்குள் முறை வைத்துக்கொண்டு, ராத்திரியிலும் டார்ச்சோடு பட்டியைச் சுற்றிவருவார்கள். இங்கே யாரும் விற்பதற்காகப் பால் கறப்பதில்லை. குடிக்க வைப்பதும் வளர்ப்பதும் தாயின் வேலை. அப்படியிருந்தும் தூக்கத்தை விட்டுவிட்டு அவர்கள் பார்க்கப் போவது ஒன்றைத்தான்: கன்று எழுந்து சீம்பால் குடித்துவிட்டதா?

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடியின் வழியாக வந்து சேர்ந்துவிடுகின்றன. மாட்டில் அப்படி நடப்பதில்லை. தாயின் ரத்தத்துக்கும் கருவின் ரத்தத்துக்கும் நடுவே திசு அடுக்குகள் அதிகம். ஆக்சிஜனும் சத்துகளும் தாண்டிவிடும். உருவில் பெரிய இம்யூனோகுளோபுலின் என்ற அந்த எதிர்ப்புப் புரதம் தாண்டாது. அதனால் சுமார் 280 நாள் வயிற்றில் வளர்ந்த கன்று, அந்தப் புரதம் ஏறக்குறைய இல்லாத ரத்தத்தோடு சாணமும் சேறும் நிறைந்த பட்டியில் வந்து விழுகிறது. அதன் உடல் சொந்தமாகப் போதுமான அளவு தயாரிக்கச் சில வாரங்கள் பிடிக்கும்.

இந்தக் குறையை ஈடுகட்ட மடி முன்கூட்டியே தயாராகிறது. ஈற்றுக்கு முந்தைய சில வாரங்களில், மடியின் செல்கள் தாயின் ரத்தத்திலிருந்து இம்யூனோகுளோபுலினை இழுத்துச் சேர்க்கின்றன. தாயின் ரத்தத்திலேயே அதன் அளவு இறங்கிவிடும், அவ்வளவு மும்முரமாக. மஞ்சளாக, விரலில் ஒட்டும் பிசுபிசுப்போடு வரும் சீம்பாலின் கெட்டித்தன்மையில் பெரும்பங்கு இந்தப் புரதங்களுடையது.

ஆனால் சாப்பிட்ட புரதத்தை வயிறு செரித்துத் துண்டாக்கிவிடுமே, பிறகு அது எப்படி முழுசாக ரத்தத்துக்குப் போகும்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் வியப்பான இடம் இதுதான். பிறந்த கன்றின் வயிற்றில் அமிலம் மிகக் குறைவு. புரதத்தை வெட்டும் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் சீம்பாலிலேயே இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களோ, எதிர்ப்படும் பெரிய மூலக்கூறுகளை அப்படியே விழுங்கி மறுபக்கம் நிணநீரில் விடுகின்றன. அங்கிருந்து அவை ரத்தத்தில் கலக்கின்றன. இந்த வழி முழுமையாகத் திறந்திருப்பது முதல் நான்கு முதல் ஆறு மணி நேரம். 12 மணி நேரத்தில் வெகுவாகச் சுருங்கி, 24 மணி நேரத்துக்குள் அடைபட்டுவிடும். அதன்பின் எவ்வளவு சீம்பால் புகட்டினாலும் குடலுக்குள் கொஞ்சம் காவல் கிடைக்குமே தவிர, ரத்தத்துக்கு ஒன்றும் போகாது.

திறந்த வாசலில் திருடனும் நுழையலாம். சாணம் அப்பிய காம்பையோ தாயின் தொடையையோ கன்று முதலில் சப்பினால், ஈ.கோலை பாக்டீரியா குடலுக்கு முந்திவிடும். 1922இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் சில கன்றுகளுக்குச் சீம்பால் கொடுக்காமல் வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சில நாட்களில் செத்தன. ரத்தத்திலும் உறுப்புகளிலும் பாக்டீரியா பரவியிருந்தது.

ஆரோக்கியமான கன்று ஒரு மணி நேரத்துக்குள் எழுந்துவிடும். தாய் நக்கிக் காயவைக்க, பின்னங்கால்களை முதலில் ஊன்றி, தடுமாறி விழுந்து, மறுபடி எழும். குளம்புக்கடியில் மெத்தென்ற வெளிர்மஞ்சள் படலம் இன்னும் ஒட்டியிருக்கும். தாயின் கருப்பையைக் கிழிக்காமல் இருக்க அமைந்தது அது, நடக்க நடக்கத் தேய்ந்துபோகும். பிறகு மூக்கால் தாயின் நெஞ்சு, முன்னங்கால் இடுக்கு என்று முட்டித் தேடி, வயிறும் காலும் சேரும் உயரமான மூலையை நாடும். மடி தொங்கிப்போன கிழட்டு மாட்டில் காம்பு அந்த உயரத்தில் இருக்காது. அதன் கன்று நெடுநேரம் தேடிச் சோர்ந்துவிடும். தலையீற்றுக் கிடாரி என்றால் வேறு தொல்லை, சில சமயம் மிரண்டு கன்றை உதைத்துத் தள்ளும்.

குளிரும் இதே நேரத்தைத்தான் தின்கிறது. உடலில் இருக்கும் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் ஈரமான கன்று சூடாக இருக்கிறது. அது தீருமுன் சீம்பாலின் கொழுப்பு உள்ளே போகவேண்டும். அனுபவசாலிகள் கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். வாய் சில்லென்று இருந்தால் கன்று குடிக்கவில்லை, உடம்பும் ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதலில் சூடேற்றி, பிறகு தாயைக் கட்டிக் கறந்து புட்டியிலோ குழாய் வழியாகவோ புகட்டுவார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழகிய கணக்கு. 35 கிலோ கன்றுக்கு மூன்றரை லிட்டர், இரண்டு தவணையாக. அவசரத்துக்கு உறையவைத்த சீம்பாலை வெதுவெதுப்பான நீரில்தான் உருக்கவேண்டும். கொதிக்கும் சூடு பட்டால் எதிர்ப்புப் புரதம் கெட்டுவிடும்.

கடையில் கிடைக்கும் சீம்பால் பொடியைவிட அதே பண்ணை மாட்டின் சீம்பாலை நான் மேலாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பட்டியின் கிருமிகளோடு பழகிய உடல் தயாரித்தது அது. ரோட்டா வைரஸ் கழிச்சலுக்கான தடுப்பூசியைப் பெரும்பாலும் கன்றுக்குப் போடாமல் சினைமாட்டுக்குப் போடுவதும் இதனால்தான். நம் ஊரில் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் எனக்கும் பிடிக்கும். கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு, மிஞ்சியதில் செய்யட்டும்.

கடன் வாங்கிய இந்தப் புரதம் வாரக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். அதற்குள் கழிச்சல் கிருமிகள் மூத்த கன்றுகளின் குடலில் பெருகி, சாணத்தோடு தரையில் இறங்கி இளையவற்றைப் பிடிக்கும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் சேண்ட்ஹில்ஸ் மேய்ச்சல் பகுதியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை, ஈன்ற மாடுகளையும் கன்றுகளையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இன்னும் ஈனாத சினைமாடுகளை மட்டும் புதுப் புல்வெளிக்கு ஓட்டிப்போவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வயது வித்தியாசமுள்ள கன்றுகள் ஒரே தரையில் நிற்காது. கடைசிக் கன்றுக்கும் நான்கு வாரம் ஆனபிறகுதான் மந்தையை ஒன்றாகச் சேர்ப்பார்கள்.